குருளையின் கல்வி

விலங்குகளின் இளமைக்குத் தமிழில் பெயர்கள் பல உண்டு. நாயின் இளமைக்கு உரிய பெயர் குருளை என்பது. நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமையையும் குருளை எனக் குறித்தல் மரபு என்று தொல்காப்பிய மரபியல் கூறுகின்றது. இன்று நாம் பேச்சு வழக்கில் குட்டி என்கின்றோம். அப்பெயரையும் மரபியல் விலக்கவில்லை. புலியின் குருளை தன் தாயோடு காட்டில் திரிந்து, காட்டில் வாழக் கற்கின்றது. நாயின் குருளைக்கோ மற்றொரு கல்வியும் வேண்டியிருக்கின்றது. அது தன் இனம் அல்லாத மனித இனத்தோடு, மனிதர் கட்டிய வீட்டில், மனிதர் எழுப்பும் ஓசைகளுக்கு நடுவே வாழக் கற்றல் வேண்டும். அக்கல்விக்கு இயற்கை வகுத்துள்ள காலம் மிகக் குறுகியது. அக்காலம் எது, அதனுள் வளர்ப்பவர் செய்ய வேண்டுவன யாவை, அது கைநழுவினால் விளைவது யாது என்பவற்றை இங்கே காண்போம்.

நாய் மனிதனை அடுத்து வாழத் தொடங்கியது நேற்று இன்று அன்று. செருமானிய நாட்டில் பான் நகருக்கு அருகே ஓபர்காசல் என்னும் இடத்தில் 1914-ஆம் ஆண்டு ஒரு பழங்காலப் புதைகுழி வெளிப்பட்டது. ஓர் ஆடவன், ஒரு பெண் ஆகியோரின் எலும்புகளுடன் ஓர் இளநாயின் எலும்புகளும் அதில் இருந்தன. அவை ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அண்மைக் காலத்தில் அந்நாயின் பற்களை ஆராய்ந்தவர்கள், அது குட்டியாக இருந்தபோது கொடிய நோய் ஒன்றால் வாரக்கணக்கில் துன்புற்றதென்றும், மனிதர் பேணாதிருந்தால் அத்தனை நாள் பிழைத்திருக்க இயலாதென்றும் கருதுகின்றனர். வேட்டைக்கோ காவலுக்கோ பயன்படாத ஒரு நோயாளிக் குட்டியை அந்நாளைய மக்கள் பேணியிருக்கின்றனர்.

நம் நாட்டிலும் சான்று இல்லாமல் இல்லை. விழுப்புரம் மாவட்டத்தை ஒட்டிய திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊர் இருக்கின்றது. அங்கே பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரையைக் காக்கப் பொருது மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்ட கல் அது. வீரனின் உருவத்தை அடுத்து ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றது. அந்நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவன் அருகே காத்து நின்றது அது என்று கல்லெழுத்துக் கூறுகின்றது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த எத்தனையோ மனிதரின் பெயர் மறைந்து போயிற்று. கோவிவன் பெயர் நிலைத்து நிற்கின்றது!

இனி, நம் கண்முன் உள்ள குட்டிகளைப் பற்றிப் பேசுவோம். மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கும் நாள்களில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தெருக்கள் தோறும் நாய்கள் குட்டி போட்டிருப்பதைக் காணலாம். வைக்கோற்போரின் அடியிலும், கட்டி முடியாத வீட்டின் மணல் மேட்டிலும், கடை வாயிலின் படிக்கட்டுக்குக் கீழும் நான்கைந்து குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அவற்றைப் பார்க்கச் சிறுவர் கூட்டம் கூடும். அவருள் ஒருவன், தாய்நாய் அப்பால் சென்ற வேளை பார்த்து, ஒரு குட்டியைச் சட்டைக்குள் ஒளித்து வீட்டிற்கு எடுத்துச் செல்வான். அன்பினால் செய்யும் செயலே அது. ஆயினும் அக்குட்டி பெரும்பாலும் கண் திறந்து சில நாளே ஆனதாக இருக்கும். அதற்கு இழைக்கப்பட்ட தீங்கு எவ்வளவு என்பதை அச்சிறுவன் அறியான்.

பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காதும் கேளாது. தாயின் வெம்மையையும் பாலின் மணத்தையும் மட்டுமே அது அறியும். பத்து நாள் முதல் இரண்டு வாரத்திற்குள் கண்கள் திறக்கும். சற்றுப் பின்னர்ச் செவிகள் திறக்கும். மூன்றாம் வாரத்தில் தள்ளாடி நடக்கும், வாலை ஆட்டும், உடன்பிறந்தவற்றோடு விளையாடவும் தொடங்கும். அந்நாள் தொடங்கிப் பன்னிரண்டு அல்லது பதினான்காம் வாரம் வரையுள்ள காலமே நாம் மேலே கூறிய கல்விக் காலம். அப்பருவத்தில் குட்டி எவற்றைக் கண்டு, கேட்டு, முகர்ந்து பழகுகின்றதோ அவற்றை வாழ்நாள் முழுதும் தனக்கு உரியனவாகக் கொள்ளும். அப்போது காணாதவை பின்னாளில் எதிர்ப்பட்டால் ஐயமும் அச்சமும் கொள்ளும். ஏறத்தாழ ஐந்தாம் வாரம் வரை புதியதொன்றைக் கண்டால் அதை நோக்கி ஓடிவருவதே குட்டியின் இயல்பு. அதன் பின் அச்சம் மெல்லத் தலைகாட்டும். வாரத்திற்கு வாரம் வளரும். இறுதியில் ஆர்வத்தை வென்று விடும்.

இஃது ஊகம் அன்று. ஆய்ந்து கண்ட உண்மை. அமெரிக்க நாட்டின் மேயின் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கே பிரீட்மன், கிங், எலியட் என்னும் மூவர் ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 1961-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உயர்ந்த பலகை வேலியால் சூழப்பட்ட ஒரு புல்வெளியில் தாய்நாய்களையும் குட்டிகளையும் அவர்கள் விட்டனர். மனிதர் எவரும் உள்ளே செல்லவில்லை; உணவு வேலியின் துளை வழியே சென்றது. சில குட்டிகளை இரண்டாம் வாரத்திலும், சிலவற்றை மூன்றாம் வாரத்திலும், இவ்வாறே ஐந்து, ஏழு, ஒன்பதாம் வாரங்களிலும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழக விட்டு, மீண்டும் புல்வெளியில் சேர்த்தனர். ஒருசில குட்டிகளைப் பதினான்கு வாரம் நிரம்பும் வரை வெளியே எடுக்கவே இல்லை.

விளைவு என்ன? இரண்டாம் வாரத்தில் வந்த குட்டி கற்கும் நிலையில் இல்லை. இடைப்பட்ட வாரங்களில் வந்தவை அந்த ஒரு வாரப் பழக்கத்தைக் கொண்டே பின்னர் மனிதரை ஏற்றுக்கொண்டன. பதினான்கு வாரம் மனித முகம் காணாதவையோ காட்டு விலங்குகள் போல அஞ்சி ஓடின; பிறகு எவ்வளவு பழக்கியும் பிற குட்டிகளைப் போல மனிதரோடு ஒன்றவில்லை. அனைத்தும் வீட்டு நாய் இனங்களின் குட்டிகளே, உணவிலும் குறைவில்லை. ஆயினும் அவை மனிதனுக்கு அயலாகிவிட்டன. நாய் பிறவியிலேயே மனிதனின் நண்பன் என்று நாம் பேசி வருகின்றோம். நண்பனாகும் தகுதியோடு மட்டுமே அது பிறக்கின்றது என்பதே சரி. அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்காட், புல்லர் என்னும் அறிஞர்கள் நெடுங்காலம் பல இன நாய்களை வளர்த்து ஆராய்ந்து, தாம் கண்டவற்றை 1965-இல் பெரிய நூலாக வெளியிட்டனர். இன்று உலகெங்கும் நாய் வளர்ப்போர் பின்பற்றும் கால அளவு பெரும்பாலும் இவ்வாய்வுகளிலிருந்து பெறப்பட்டதே.

அங்ஙனமாயின், மூன்றாம் வாரத்திலேயே குட்டியை எடுத்து வருவது நன்றுதானே என்று நீங்கள் வினவலாம். நன்று அன்று. குட்டிக்கு ஆசிரியர் இருவர். மனிதன் இரண்டாம் ஆசிரியன். முதல் ஆசிரியை தாய்நாயே. அவளுக்குத் துணை நிற்போர் உடன்பிறந்த குட்டிகள். குட்டிகள் ஒன்றையொன்று கவ்வி விளையாடும்போது கூர்ந்து பாருங்கள். ஒன்று சற்று வலிக்கக் கடித்தால் மற்றொன்று வீரிட்டு, விளையாட்டை நிறுத்தி, விலகிப் போகும். கடித்த குட்டி திகைத்து நிற்கும். விளையாட்டு வேண்டுமாயின் பல்லை அடக்க வேண்டும் என்பதை இவ்வாறு நாளுக்குப் பன்முறை அது கற்கின்றது. பால் குடிக்கும்போது கூரிய பல்லை அழுத்தினால் தாய் உறுமி எழுந்து விடுவாள். அதுவும் ஒரு பாடம். தாயைப் பிரிந்து மூன்றாம் வாரத்திலேயே வந்த குட்டிக்கு இப்பாடம் கிட்டுவதில்லை. வளர்ந்த பின் விளையாட்டிலும் அது வலிக்கக் கடிக்கும். பிற நாய்களின் குறிப்பையும் அறியாது. ஆகையால் எட்டு வாரம் நிரம்பும் வரை குட்டி தாயிடமே இருத்தல் வேண்டும். அதற்கு முன் அன்பு காட்ட விரும்பும் சிறுவன், தாய்நாய் தன்னை அறிந்து ஏற்றுக்கொண்ட பின், பெரியவர் துணையோடு நாள்தோறும் அங்குச் சென்று குட்டிகளைச் சில நிமிடம் கையில் ஏந்திப் பழகலாம். குட்டியும் மனிதனை அறியும், தாயையும் இழக்காது. தாய் உறுமுமாயின் அன்று திரும்பி விடுதலே அறிவுடைமை.

எட்டாம் வாரத்தில் குட்டி வீட்டிற்கு வருகின்றது என்று கொள்வோம். கல்விக் காலத்தில் எஞ்சியிருப்பது நான்கு முதல் ஆறு வாரமே. நம் பள்ளிகளின் கோடை விடுமுறையை விடச் சிறிது கூடுதலோ குறைவோ, அவ்வளவுதான். அதனுள் ஒரு சிற்றுயிர் எத்தனை செய்திகளை அறிய வேண்டியிருக்கின்றது என்று எண்ணிப் பாருங்கள்! விழுப்புரத்தில் நிலையத்தை அடுத்த தெருவில் ஒரு வீடு. அந்நிலையம் சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி ஆகிய ஐந்து திசைகளுக்கும் இருப்புப்பாதை பிரியும் சந்திப்பு. இரவும் பகலும் வண்டிகளின் ஊதொலியும், பெட்டிகள் இணையும் ஓசையும், ஒலிபெருக்கி அறிவிப்பும் கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கே வளரும் குட்டிக்கு இவை தாலாட்டாகவே ஆகிவிடும். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வடக்கே, திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில், நிலக்கடலைக் கொல்லையின் நடுவே மற்றொரு வீடு. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருப்பதும், அவ்வூர்ப் பெயரின் சுருக்கமாகிய டி.எம்.வி. என்னும் எழுத்துகள் பல கடலை வகைகளுக்கு வழங்குவதும் நீங்கள் அறிந்திருக்கலாம். கொல்லையில் வளரும் குட்டி கோழியையும் ஆட்டையும் கன்றையும் அறியும். காற்றின் ஓசையையும் அறியும். ஆனால் பேருந்தின் காற்றொலிப்பானை அறியாது. இரண்டு வயதில் அதை மருத்துவமனைக்கென்று திண்டிவனம் நகருக்குள் கொண்டுவந்தால், சென்னைக்கும் திருச்சிக்கும் செல்லும் நெடுஞ்சாலையின் இரைச்சலில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். சாலையில் ஓடும் நாயின் கதி யாவரும் அறிந்ததே. நகரத்துக் குட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோனாலோ, முதன்முதலாகக் கண்ட ஆட்டைத் துரத்தி அண்டை வீட்டாரின் பகையைத் தேடித்தரும்.

ஆகவே வளர்ப்பவர், தம் குட்டி பின்னாளில் எவற்றையெல்லாம் எதிர்கொள்ள நேரும் என்று முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதன் பின், நாளுக்கு ஒன்றிரண்டாக அவற்றை அறிமுகம் செய்தல் வேண்டும். மனிதரிலேயே எத்தனை வகை! கோலூன்றி நடக்கும் முதியவர், தலைப்பாகை கட்டியவர், தலையில் புல்லுக்கட்டுச் சுமந்து வருபவர், தலைக்கவசம் அணிந்த இருசக்கர வண்டிக்காரர், சீருடையில் வரும் அஞ்சல்காரர், குடை விரித்தவர், பர்தா அணிந்தவர், ஓடியாடும் சிறு குழந்தைகள் ஆகிய ஒவ்வொருவரும் குட்டியின் கண்ணுக்கு வெவ்வேறு உயிர்களாகவே தோன்றுவர். வீட்டில் இரண்டு பெண்களை மட்டுமே கண்டு வளர்ந்த நாய், மீசையுள்ள ஆடவரைக் கண்டால் குரைத்துக் கலங்குவதைப் பலர் பார்த்திருப்பர். அந்நாய்க்கு மீசையின்மேல் பகை ஒன்றும் இல்லை. அறிமுகம் இல்லை, அவ்வளவே. வீட்டினுள் மாவரைக்கும் இயந்திரம், கொதிகலனின் சீழ்க்கை, துடைப்பம், கீழே விழும் பாத்திரம். வெளியே இடிமுழக்கம், திருவிழா மேளம், தீபாவளி வெடி ஆகியவையும் அறிமுகத்திற்கு உரியன.

எவ்வாறு அறிமுகம் செய்வது என்பதில்தான் பலரும் இடறி விழுகின்றனர். நாளை அஞ்சாதிருக்க வேண்டுமென்று, இன்று வெடி வெடிக்கும் இடத்தின் நடுவே குட்டியைப் பிடித்து நிறுத்துவாரும் உளர். அது பாடம் அன்று, தண்டனை. அச்சம் நீங்காது, ஆழப் பதியும். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவில் பம்பையும் உடுக்கையும் முழங்க மக்கள் வெள்ளம் பெருகும். அங்கே பத்து வாரக் குட்டியைத் தூக்கிச் செல்வதனால் அது மேளத்திற்குப் பழகிவிடாது. மேள ஓசை மெல்லியதாகக் கேட்கும் தொலைவில், மடியில் வைத்துக்கொண்டு, ஓசை எழும்போதெல்லாம் வேகவைத்த முட்டைத் துணுக்கு ஒன்றைக் கொடுத்தால் போதும். குட்டி ஓசையைக் கேட்டதும் உங்கள் கையை நோக்கினால், பாடம் பதிந்தது எனலாம். மறுநாள் பத்தடி நெருங்கலாம். அது உண்ண மறுத்தால் நெருங்கியது மிகை என்று உணர்ந்து பின்வாங்க வேண்டும்.

உண்ண மறுத்தல் ஓர் அறிகுறி. வேறு அறிகுறிகளும் உள. வாலைப் பின்னங்கால்களுக்கு இடையே இடுக்குதல், காதைப் பின்னோக்கிச் சாய்த்தல், பசியின்றி நாவால் உதட்டை நக்குதல், தூக்கமின்றிக் கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்பிக் கொண்டு கண்ணின் வெண்மை தெரிய நோக்குதல், அசைவற்று உறைந்து நிற்றல் ஆகியன யாவும் ‘எனக்கு இது வேண்டா’ என்று குட்டி கூறும் சொற்கள். நாயின் மொழி குரைப்பு மட்டும் என்று எண்ணுவோர் இச்சொற்களைக் கேளாது விடுகின்றனர். பின்னர் அது கடித்து விட்டால், முன்னறிவிப்பு இன்றிக் கடித்தது என்று குறை கூறுகின்றனர். குழந்தைகள் குறிப்பாக அறிய வேண்டுவன சில உண்டு. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தீண்டலாகாது. குட்டிகளோடு கிடக்கும் தாயை அணுகலாகாது. நாயைக் கட்டித் தழுவி முகத்தோடு முகம் வைத்தலும் ஆகாது. தழுவுதல் நமக்கு அன்பு. நாய்க்கோ அது பிடிபடுதல்.

அடித்துத் திருத்தும் வழக்கமும் நம்மிடையே உண்டு. வீட்டினுள் சிறுநீர் கழித்த குட்டியின் மூக்கை அதில் அழுத்தித் தேய்ப்பர். குட்டி அதனால் கற்பது யாது? இம்மனிதர் அருகில் இருக்கும்போது சிறுநீர் கழித்தல் இடர் என்பதையே. ஆதலால் அடுத்த முறை கட்டிலின் கீழே மறைவில் கழிக்கும். உறங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் ஒரே இடத்திற்கு வெளியே தூக்கிச் சென்று, அங்கே கழித்தவுடன் பாராட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் கற்றுக்கொள்ளும்.

குட்டிப் பருவம் முதல் கொல்லைப்புறத்தில் சங்கிலியால் கட்டி வைத்தால்தான் நல்ல காவல் நாயாகும் என்பது மற்றொரு நம்பிக்கை. ஆள் பழக்கம் இல்லாத நாய் எல்லாரையும் பார்த்துக் குரைக்கும். பால்காரரையும் கள்வனையும் ஒன்றாகக் கருதும் காவலால் பயன் யாது? பலரையும் பார்த்துப் பழகிய நாயே, இயல்பாக வருபவர் இவர், இயல்புக்கு மாறாக நள்ளிரவில் சுவரேறுபவர் இவர் என்று வேறுபாடு காணும். காவலுக்கும் வேட்டைக்கும் பெயர்பெற்ற நம் இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை இனங்களுக்கும் இது பொருந்தும். அவற்றுள் இராசபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டில் தபால்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. இவ்வினக் குட்டிகளை விலைக்கு வாங்குவோர் அவற்றின் வீரத்தைக் கேட்டு வாங்குகின்றனர்; பன்னிரண்டு வாரம் வரை அவை எங்கே, எவரோடு வளர்ந்தன என்பதைக் கேட்பவர் மிகச் சிலர். நம் தெருவில் பிறந்த குட்டியும் இவற்றுக்குக் குறைந்ததன்று. நம் வெயிலும் மழையும் அதற்கு ஒத்தவை. அறிவிலும் அது பின்தங்கியதில்லை.

இனி, இப்பொருளில் உள்ள கடினமான சிக்கலுக்கு வருவோம். குட்டியை வெளியே கொண்டு சென்று உலகைக் காட்ட வேண்டிய வாரங்களும், நோய் அதை எளிதில் பற்றும் வாரங்களும் ஒன்றே. தாய்ப்பாலின் வழியே வந்த எதிர்ப்பாற்றல் அக்காலத்தில் குறைந்து வருகின்றது. தடுப்பூசியின் ஆற்றலோ இன்னும் முழுமையாக வேரூன்றவில்லை. நாய்க்குட்டிகளைக் கொல்லும் நோய்களுள் பார்வோ என்னும் நச்சுயிரியால் வருவது கொடியது. அது 1978-ஆம் ஆண்டளவில் உலகின் பல பகுதிகளிலும் தோன்றிப் பரவிய புது நோய். நோயுற்ற நாயின் மலத்தில் வெளிப்படும் அந்நச்சுயிரி மண்ணில் பல மாதம் அழியாது கிடக்கும். வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலும் கண்டு, இரண்டு மூன்று நாளில் குட்டி மாண்டு போகும். இதனை அஞ்சி, தடுப்பூசிகள் யாவும் முடியும் பதினாறாம் வாரம் வரை குட்டியை வீட்டை விட்டு வெளியே விடலாகாது என்று பலர் அறிவுறுத்தி வந்தனர். அவ்வாறு செய்தால் நோயினின்று குட்டி தப்பும். ஆனால் கல்விக் காலம் கதவுக்குப் பின்னே கழிந்துவிடும். அச்சமே இயல்பாகிப்போன நாயை ஓராண்டு இரண்டாண்டில் தெருவில் விட்டுவிடுகின்றனர். அல்லது வாழ்நாள் முழுதும் சங்கிலியில் வைக்கின்றனர். நோயால் இறத்தல் ஒரு கேடு. இது மற்றொரு கேடு.

அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவர்களின் சங்கம் இதனை ஆராய்ந்து 2008-இல் ஒரு கருத்தை வெளியிட்டது. முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் கழிந்தபின், தூய்மையான இடங்களில் குட்டியைப் பழக்கத் தொடங்கலாம். முழுத் தொகுதி முடியும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை என்பதே அதன் சாரம். நம் ஊரில் இதனைப் பின்பற்றுவது எப்படி? மிக எளிது. குட்டி உலகைப் பார்க்க அதன் கால்கள் மண்ணில் பட வேண்டிய தேவை இல்லை. கூடையில் வைத்தோ தோளில் ஏந்தியோ கடைத்தெருவின் ஓரத்தில் கால் மணி நேரம் நின்றால் அது காண வேண்டியவை யாவும் எதிரே நடந்து போகும். தடுப்பூசி போட்ட நாய் உள்ள உறவினர் வீட்டிற்குக் கொண்டு செல்லலாம். நம் வீட்டிற்கே பலரை அழைக்கலாம். தெருநாய்கள் மலங்கழிக்கும் திடலிலும், குப்பை மேட்டருகிலும், சாக்கடை ஓரத்திலும் மட்டும் அதைக் கீழே விடலாகாது. தடுப்பூசியை ஆறு அல்லது எட்டாம் வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் பதினாறாம் வாரம் வரை தொடர்வது வழக்கம். கால்நடை மருத்துவர் குறிக்கும் நாள்களை ஓர் ஏட்டில் எழுதி வைத்துத் தவறாது பின்பற்றுதல் வேண்டும்.

வெறிநோய்த் தடுப்பூசியைத் தனியே கூற வேண்டும். அது நாயின் உயிரை மட்டுமன்றி நம் உயிரையும் காப்பது. பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில் முதல் ஊசியும், பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியில் மறு ஊசிகளும் போடப்படும். நாய்வெறியால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறக்கின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர். இறப்போரில் பலர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியர். நோயின் குறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. குறி தோன்றுமுன் உரிய ஊசிகளைப் போட்டுக்கொண்டாலோ தப்புவது உறுதி என்றே கூறலாம். இவ்வளவு எளிதில் தடுக்கத்தக்க நோய்க்கு இத்தனை உயிர்களைக் கொடுத்து வருகின்றோமே!

பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1885-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6-ஆம் நாள், வெறிநாயால் கடிபட்ட ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இவ்வூசியைப் போடச் செய்தார், சிறுவன் பிழைத்தான். நம் நாட்டில் 1900-இல் கசௌலியிலும், தென்னாட்டில் 1907-இல் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் தோன்றின. முற்காலத்தில் கடிபட்டவர் மருத்துவத்திற்காக நீலகிரிமலை ஏறிக் குன்னூர் வரை செல்ல நேர்ந்தது. பின்னர் ஊர்தோறும் மருந்து வந்தது. ஆயினும் வயிற்றில் நாள்தோறும் போடும் ஊசிகளை எண்ணி மக்கள் நடுங்கினர். அம்முறை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டு விட்டது. இன்று தோளில் சில ஊசிகளே. அரசு மருத்துவமனைகளில் கட்டணமும் இல்லை.

நாய் கடித்தால் உடனே செய்ய வேண்டுவது இது: ஓடும் நீரில், சோப்பு இட்டு, பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுதல். இச்சிறு செயல் பெருந்தொகை நச்சுயிரிகளை அகற்றிவிடும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள் ஆகியவற்றை அப்புதல் தீங்கே. பின்னர் அன்றே மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் குறித்த நாள்களில் ஒன்றும் விடாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கடித்தது குட்டிதானே, சிறு கீறல்தானே என்று வாளாவிருத்தல் கூடாது. குட்டிக்கும் வெறிநோய் வரும். பெற்றோர் அடிப்பார்கள் என்று அஞ்சிக் கடிபட்டதை மறைக்கும் சிறுவர்கள் உண்டு. இதில் ஒளிவு மறைவு உயிருக்கே கேடு. பெற்றோரும் அவ்வேளையில் சினத்தை அடக்கிக்கொள்வது நலம்.

கல்விக் காலம் கடந்துவிட்ட நாயின் கதி என்ன என்று ஒரு வினா எஞ்சியிருக்கின்றது. தெருவிலிருந்து ஓராண்டு நாயை எடுத்து வளர்க்க விரும்புவோர் பலர். சோவியத்து அறிஞர் பெல்யாயெவ் 1959-ஆம் ஆண்டு சைபீரியாவில் தொடங்கிய ஆய்வில், மனிதருக்கு மிகக் குறைவாக அஞ்சும் நரிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனம் பெருக்கினார். சில பத்தாண்டுகளில் நாயைப்போல வாலாட்டும் நரிகள் பிறந்தன. அவற்றின் குட்டிகளுக்கு அச்சம் தோன்றும் காலமும் தள்ளிப்போயிற்று. நாய் இனத்திற்கு இத்தகைய தேர்வு பல்லாயிரம் ஆண்டுகளாக நிகழ்ந்துள்ளது. ஆகையால் கதவு முற்றும் அடைபடுவதில்லை. ஒருக்களித்துக் கிடக்கின்றது எனலாம். மேலும், தெருநாய் பெரும்பாலும் மனிதர் நடுவிலேயே பிறந்து வளர்ந்தது. சோறிடும் கையையும் கல்லெறியும் கையையும் அது இளமையிலேயே கண்டிருக்கின்றது. இரண்டில் எது மிகுதி என்பதைப் பொறுத்தது அதன் குணம்.

அத்தகைய நாய்க்கு வாரங்கள் போதா; மாதங்கள் வேண்டும். நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே இடத்தில், ஒருவரே உணவு வைத்தல் நன்று. வைத்தவர் விலகி அமர்ந்து, நாயை உற்று நோக்காமல் வேறு திசை பார்த்திருக்க வேண்டும். முதலில் அவர் எழுந்து சென்ற பின்னரே அது உண்ணும். சில நாளில் அவர் அமர்ந்திருக்கையிலேயே உண்ணும். ஆயினும் ஓடுவதற்கு வாய்ப்பாக உடலைப் பின்னோக்கிச் சாய்த்தே நிற்கும். பின்னொரு நாள், உண்டு முடித்தபின் ஓடாமல் ஈரடி முன்வந்து காற்றில் மணம் பிடிக்கும். அப்போது எழுந்து அதைத் தொட முயன்றால் ஒரு மாத உழைப்பு வீணாகும். அமர்ந்தபடியே கையைத் தாழ நீட்டி, அது முகர்ந்து முடிக்கும் வரை அசையாதிருந்து, தானாகவே தன் உடலைக் கையில் உரசினால் மட்டும் மார்பின் பக்கமாகத் தடவலாம்; தலைக்கு மேலே கையை உயர்த்தலாகாது, ஏனெனில் கல்லெறிபவரின் கையும் அவ்வாறே உயரும்.